நடுக்கள வீரருக்கு இரண்டு இரங்கல்

ஆள் உயிரோடு இருக்கும்போதே இரங்கல் எழுதி வைப்பது எங்கள் பிழைப்பு. டெல்லியில் நான் வேலை பார்த்த தமிழ்ச் செய்தித் தளத்தில் அதற்கு ஊறுகாய் என்று பெயர். எண்பதைத் தாண்டிய பிரபலம் எல்லோருக்கும் ஒரு ஊறுகாய் தயாராக இருக்கும். ஆள் போனதும் தேதியைச் சேர்த்துப் பொத்தானை அமுக்கினால் வேலை முடிந்தது.

அந்தத் தென் அமெரிக்கக் கால்பந்து வீரருக்கு ஊறுகாய் போட்டவள் திருநெல்வேலிப் பெண். தெற்கு டெல்லியில், முனிர்காவில் அறை எடுத்திருந்தாள். சேர்ந்து நாலு மாதம்தான் ஆகியிருந்தது. ஆறாவது மாதம் வேலை நிரந்தரமாக வேண்டும். இல்லாவிட்டால் ஊருக்குத் திரும்பித் தாய்மாமனுக்குக் கழுத்தை நீட்ட வேண்டும் என்று வீட்டில் கறாராகச் சொல்லியிருந்தார்கள். "மாமா எப்படி இருக்காரு?" என்று தினமும் அவளைச் சீண்டுவேன்.

அந்த வீரர் துறைமுகக் கூலியின் மகன். ஐம்பதுகளில் அவர் நாட்டு அணியின் நடுக்களமே அவர் காலில்தான் இருந்தது. பந்தைப் பறிப்பார், நிமிர்ந்து பார்ப்பார், கொடுப்பார்; கோல் போட்ட பெருமை இன்னொருவருக்குப் போகும். ஒரு உலகக் கோப்பை ஆட்டத்தில் அவருடைய கோல்கீப்பர் 'கொடு' என்று கத்திவிட்டு வேறு பக்கம் நகர்ந்துவிட்டார். இவர் தட்டிய பந்து காலியாக இருந்த சொந்த அணியின் கோலுக்குள் உருண்டது. கூட ஆடிய அத்தனை பேருக்கும் நடந்தது தெரியும். ஒருத்தரும் வாயைத் திறக்கவில்லை. அதோடு அவரை அணியிலிருந்து தூக்கினார்கள். கிழவரான பிறகும் ரொட்டிக் கடை வரிசையில் அவரைப் பார்த்துக் காறித் துப்பினார்களாம்.

"யாருக்கும் தெரியாத கிழவனுக்கு இவ்வளவு நீளமா?" என்று சிரித்தேன்.

"ஒருத்தராவது அவரப் பத்தி நல்லபடியா எழுதணும்லா அண்ணே" என்றாள்.

ஒரு நாள் காலை, அந்த வீரர் காலமானதாக ஒரு ஸ்பானியப் பக்கத்தில் பார்த்தேன். உண்மையில் செத்தது அவருடைய தம்பி. குடும்பப் பெயரை மட்டும் பார்த்துவிட்டு, எல்லோரையும் முந்த வேண்டும் என்ற வெறியில் பொத்தானை அமுக்கினேன். எங்கள் டெஸ்க்கில் அவரவர் லாகினை யாரும் போடுவதில்லை. காலையில் யார் முதலில் திறக்கிறார்களோ அவர்கள் பெயரிலேயே எல்லோரும் வேலை செய்வோம். அன்று திறந்தது அவள்.

மதியத்துக்குள் விஷயம் நாறியது. எடிட்டர், டெல்லியிலேயே பிறந்து வளர்ந்தவர், திரையை அவள் பக்கம் திருப்பிக் காட்டினார். "உன் பேர்தானே இருக்கு?"

"நான் டீ குடிக்கப் போயிருந்தேன் சார்."

"அச்சா! அப்போ மெஷின் தானா அமுக்கிச்சா?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பாவி, நானும்தான் சிரித்தேன்.

அன்றைக்கே அவளை அனுப்பிவிட்டார்கள். லிஃப்ட் வரை போனேன். "ஒரு வார்த்த சொல்லுங்களேன் அண்ணே. நீங்கதான்னு எனக்குத் தெரியும்லா" என்றாள். கண் கலங்கியிருந்தது, ஆனால் குரலை உயர்த்தவில்லை. "லாகினைத் திறந்து போட்டுட்டுப் போனது உன் தப்பு" என்றேன். இப்போது நினைத்தாலும் என் வாயிலேயே போட்டுக்கொள்ளத் தோன்றுகிறது.

எட்டு மாதம் கழித்து அந்த வீரர் நிஜமாகவே இறந்தார். எடிட்டர் கத்தினார்: "அந்தப் பழசையே எடுத்துப் போடு, ஜல்தி! உன் பேர் போட்டுக்கோ." போட்டுக்கொண்டேன். தேதியைத் தவிர ஒரு எழுத்தைக்கூட மாற்றவில்லை. அந்த வாரம் அதிகம் படிக்கப்பட்டது அதுதான். மீட்டிங்கில் எனக்குக் கைதட்டினார்கள்.

சாயங்காலம் அவளிடமிருந்து மெசேஜ் வந்தது. 'அண்ணே, படிச்சேன். அவரு கடைசியா ஆடுன கிளப்ப நான் தப்பா எழுதியிருக்கேன். பாவம், இனியாவது சரியா இருக்கட்டும். மாத்திருங்க.' பக்கத்தில் வட்டமாக அவள் படம். மாலையும் கழுத்துமாக, நரைத்த மீசைக்காரர் ஒருவருக்குப் பக்கத்தில் நின்றிருந்தாள்.

கிளப்பின் பெயரைத் திருத்தினேன். மேலே இருந்த என் பெயரைத் தொடவில்லை.