பதினேழாவது குழியின் மகாராணி

வெர்னா க்ளுக்மனுக்குக் கோல்ஃப் ஆடத் தெரியாது. வாழ்நாளில் ஒரே ஒருமுறை மட்டையை வீசினாள். பந்து இருந்த இடத்திலேயே இருந்தது, மட்டை பறந்துபோய்க் குளத்தில் விழுந்தது. ஆனாலும் விஸ்கான்சினில் எங்கள் ஊர் மைதானத்தில் ஆண்டுதோறும் நடக்கும் பெண்களின் பெரிய பட்டப்போட்டி, தன் தோளில்தான் நிற்கிறது என்பது அவள் நம்பிக்கை. பதினோரு வருடமாகப் பதினேழாவது குழிக்குச் சம்பளமில்லாக் காவல். சட்டையும் தொப்பியும்கூடச் சொந்தக் காசு. 'அமைதி' என்று எழுதிய பலகையை அவள் தூக்கினால், பறக்கிற வண்டுகூட இறக்கையை மடக்கிக்கொண்டு நடந்தே போகுமாம். சொன்னது அவளேதான்.

இந்த ஞாயிறு ஒரு புகாரும் இல்லாமல் கழிந்தால், அடுத்த வருடம் பதினெட்டாவது குழியில் நிற்கலாம் என்று தொண்டர் தலைவி மார்ஜ் சொல்லியிருந்தாள். கோப்பை கொடுக்கும் இடம். தொலைக்காட்சிக் கேமராக்கள் மொய்க்கும் இடம். வெர்னா உதட்டுச்சாயம்கூட வாங்கிவிட்டாள்.

மாலையில், எல்லாரையும்விட ஒரே ஓர் அடி குறைவாக அடித்து முன்னணியில் இருந்த டெஸ்ஸா லிண்ட்க்விஸ்ட் அடித்த பந்து வலதுபக்கப் புல்காட்டுக்குள் போனது. இரண்டு நாள் மழையில் புல் கணுக்கால் உயரம். வெர்னா பலகையோடு பாய்ந்தாள்.

"யாரும் அசையாதீங்க! ஏய், சாசேஜ் தின்னுற பெரியவரே, மெல்லுறதை நிறுத்துங்க! ரெண்டு நிமிஷம் தின்னலைன்னா செத்துற மாட்டீங்க!"

பாய்ந்த வேகத்தில் வலது செருப்புக்கடியில் உருண்டையாக ஏதோ ஒன்று ஈரமண்ணில் அமுங்கியது. என்னவென்று அவளுக்குப் புரிந்துவிட்டது.

அதற்குள் டெஸ்ஸாவும் அவளது மட்டைப் பையைத் தூக்குபவரும் வந்தார்கள். நடுவர் கடிகாரத்தைப் பார்த்தார். மூன்று நிமிடம். அதற்குள் கிடைக்காவிட்டால் பந்து தொலைந்த கணக்கு. ஓரடி தண்டத்தோடு பழைய இடத்துக்கே போய் மறுபடி அடிக்க வேண்டும்.

காலைத் தூக்கினால் பதினெட்டாவது குழி போயிற்று. தூக்காவிட்டால் யாரோ ஒரு பெண்ணின் கோப்பைதானே போகும்? வெர்னாவின் தராசில் அந்தப் பெண் லேசாகத்தான் இருந்தாள்.

"மேடம், பந்து எங்க விழுந்துச்சுன்னு பாத்தீங்களா?" என்று கேட்டாள் டெஸ்ஸா.

"அந்த மரத்துப் பக்கம் போச்சும்மா," என்று இருபது தப்படி தள்ளிக் கைகாட்டினாள். கூசவில்லை.

டெஸ்ஸா முட்டிபோட்டுத் துழாவினாள். இரண்டு நிமிடம் ஓடிவிட்டது. "கொஞ்சம் நகர்ந்துக்கறீங்களா, மேடம்?"

"நான் நகர்ந்தா ஜனமெல்லாம் உள்ள வந்துரும்."

கயிற்றுக்கு அப்பால், மடக்கு நாற்காலியில் பாலாடைக்கட்டி வறுவல் தின்றுகொண்டிருந்தார் அவள் புருஷன் ஆர்லன். எந்த விஷயத்திலும் யாரும் கருத்துக் கேட்காத மனிதர். பக்கத்தில் இருந்தவரிடம்தான் சொன்னார். ஆனால் வெர்னாவே மிரட்டி உண்டாக்கிய அமைதியில் அது நடுவர் காதுவரை போனது.

"முப்பத்திநாலு வருஷமா பாக்குறேன். சர்ச்சுலகூட இவ ஒரு நிமிஷம் ஒரே இடத்துல நின்னதில்ல. இப்ப வேர் விட்டு நிக்கிறா. காலுக்கடியில என்னமோ இருக்கு."

"ஆர்லன், வாயை மூடு!"

"நீ காலைத் தூக்கு, நான் மூடுறேன்."

"மேடம், காலை எடுங்க," என்றார் நடுவர். இன்னும் பதினைந்து விநாடிதான்.

எடுத்தாள். டெஸ்ஸா பேனாவால் பச்சைப் புள்ளி வைத்த பந்து, அவித்த உருளைக்கிழங்கு மாதிரி மண்ணில் புதைந்து கிடந்தது. மிதித்தது வேறு ஆள் என்பதால் தண்டம் இல்லை. பக்கத்திலேயே அதே மாதிரிப் புல்லில் வைத்து அடிக்கலாம் என்றார் நடுவர்.

டெஸ்ஸா பந்தைத் துடைத்தபடி, "இவ்ளோ நேரம் அடைகாத்தீங்களே மேடம், குஞ்சு பொரிக்கலையா?" என்றாள். சாசேஜ் பெரியவர்தான் முதலில் சிரித்தார். கோப்பையும் அவளுக்கே போனது.

மறுவருடம் வெர்னாவுக்கு இரண்டு மைல் தள்ளிய சோளக்காட்டு ஓரத்தில் கார்களை வரிசையில் நிறுத்தும் வேலை. "முன்வாசல் முழுக்க என் பொறுப்பு" என்று சொல்லிக்கொள்கிறாள். உதட்டுச்சாயமும் போட்டுக்கொண்டுதான் போகிறாள். ஆரஞ்சுக் கொடியை எவ்வளவு ஆட்டினாலும் கார்கள் தமக்கு வசதியான இடத்தில்தான் நிற்கின்றன.

ஆர்லனுக்கு மட்டும் பதினெட்டாவது குழியருகே நாற்காலி போட இடம் கொடுத்தாள் மார்ஜ்.