அறுபது நாள் பூட்டு

2020 மார்ச் 1 — 960
2021 மார்ச் 1 — 960
2022 மார்ச் 1 — 1,020
2023 மார்ச் 1 — 1,020
2024 மார்ச் 1 — 0
2024 மார்ச் 12 — 3,480

ஒரு கால் குட்டையாக இருப்பவர்களுக்கு அளவெடுத்துக் காலணி தைக்கிறவள் அவள். தெருவில் அவளுக்கு அளவுக்காரி என்றே பெயர். மேலே உள்ளவை அவள் தன் இணையதளத்துக்குக் கட்டிய ஆண்டுச் சந்தா. நடுவில் ஒரு பூஜ்யம் இருக்கிறதே, அதுதான் அவளை மாட்டிவிட்டது.

தளத்தைத் தம்பி அமைத்துக் கொடுத்தான். கடைப் பெயரிலேயே முகவரி, அதிலேயே மின்னஞ்சல். தைக்கும் ஒவ்வொரு ஜோடியின் உள்பக்கத்திலும் அந்த முகவரியைச் சூடான அச்சால் பதித்துவிடுவாள். எந்திரச் சத்தத்தில் போன் காதில் விழாது என்று யாரிடமும் எண் வாங்கியதில்லை, கொடுத்ததுமில்லை. காலணி தேய்ந்தால் எழுதுவார்கள். நாள் குறித்துக்கொண்டு நேரில் வருவார்கள். இடது கால் இரண்டரை சென்டிமீட்டர் குட்டையான ஒன்பது வயதுப் பெண் ஒருத்தி. அவளுடைய அம்மா மார்ச் முதல் வாரம் தவறாமல் எழுதுவார். வளர்கிற கால், பழைய ஜோடியோடு நடந்தால் இடுப்பு சாய்ந்துவிடும்.

பூஜ்யம் விழுந்த ஆண்டு, தளத்துக்கு இடம் தந்த நிறுவனம் சின்னத் திட்டத்தை நிறுத்திவிட்டது. சொந்த முகவரியும் அதில் மின்னஞ்சலும் வேண்டுமானால் பெரிய திட்டம்தான். வேறு நிறுவனத்துக்கு மாறிவிடலாம் என்றான் தம்பி. அவன் வந்து சேருவதற்குள் அளவுக்காரி தானாகவே இலவசத் திட்டத்தை அழுத்திவிட்டாள். மின்னஞ்சல் பெட்டி அன்றே மூடிக்கொண்டது. முகவரியை வேறு நிறுவனத்துக்குக் கொண்டுபோக ஓர் அனுமதி எண் வேண்டும். அது வருவதோ அதே பெட்டிக்கு.

“வேற மெயில் குடுத்திருக்கக் கூடாதாடா?”

“குடுத்திருக்கலாம். நீயும் என்னைக் கேக்காம அழுத்தாம இருந்திருக்கலாம். ரெண்டு பேரும் சரிக்குச் சரி அறிவாளிங்கதான்க்கா.”

பதினோரு நாள் உதவி மையத்தோடு மல்லுக்கட்டினார்கள். அந்தப் பெட்டியிலிருந்தே எழுதி உறுதி செய்யுங்கள் என்பதே திரும்பத் திரும்ப வந்த பதில். பன்னிரண்டாம் தேதி பெரிய திட்டத்தைக் கட்டினாள். பெட்டி திறந்தது, உள்ளே காலி. பழைய கடிதங்களோடு அந்த அம்மாவின் மின்னஞ்சலும் போயிற்று. இனியாவது உஷாராக இருப்போம் என்று தம்பி அன்று மாலையே தொடர்பு மின்னஞ்சலைத் தன்னுடையதாக மாற்றினான். அப்படி மாற்றினால் முகவரியை அறுபது நாள் நகர்த்த முடியாது என்பது விதி.

“அறுபது நாள் எங்கயும் போக முடியாதுக்கா.”

“போய்த்தான் என்னடா செய்ய? அந்தப் புள்ள இங்கதானே எழுதியாகணும்.”

சிறுமியின் பாதத்தைப் பழுப்புத் தாளில் வரைந்து வைத்திருந்தாள். அதில் பெயரும் அளவும் மட்டும்தான் இருந்தன, ஊர் இல்லை. ஓராண்டில் வித்தியாசம் கூடியிருக்கும் என்று கணக்கிட்டு, குதிகாலுக்கு மூன்று சென்டிமீட்டர் தக்கை வெட்டினாள். காலைப் பார்க்காமல் ஒட்ட முடியாதே என்று தள்ளி வைத்தாள். வேறு ஜோடிகளைத் தைத்தாள். நாலு தையலுக்கு ஒரு தடவை பெட்டியைத் திறந்து பார்ப்பாள். வாசல் மணி அடித்தால் எழுந்து ஓடுவாள். கடையைப் பூட்டிவிட்டு மருந்துக் கடைவரை போகவும் பயம்.

ஏழாவது வாரம் அந்த அம்மா எழுதினார். மார்ச் தொடக்கத்தில் மூன்று தடவை எழுதியும் மூன்றும் திரும்பிவிட்டனவாம். கடையை மூடிவிட்டார்கள் என்று நினைத்து வேறோர் இடத்தில் அளவு கொடுத்துவிட்டார்களாம். அது நன்றாகவே பொருந்திவிட்டதாம். இது போய்ச் சேருமோ சேராதோ, நன்றி சொல்லிவிடலாம் என்றுதான் எழுதினாராம். இனி வரமாட்டோம் என்று முடித்திருந்தார்.

முகவரியின் அறுபது நாள் பூட்டு திறக்க இன்னும் பன்னிரண்டு நாள் இருந்தது. அந்தக் கடைசிக் கடிதம் வந்த தேதி: 2024 ஏப்ரல் 29.