சைக்கிள் அகலத்துக்கு ஒரு ரோடு

அக்கரப்பத்தனையில் எங்கள் தேயிலைத் தோட்டத்து ரோட்டுக் குழிகளை மூடச் சொல்லி வருடக்கணக்காக மனு கொடுத்தோம். ஒருவரும் அசையவில்லை. போன மாதம் வெளிநாட்டுக்காரர்கள் இந்த மலை வழியாகச் சைக்கிளில் வரப்போகிறார்கள் என்றதும் இரண்டே நாளில் தார் வந்தது. அதுவும் ரோட்டின் இடது ஓரத்தில் மட்டும், ஒரு சைக்கிள் போகிற அகலத்துக்கு!

வந்தவர்கள் நல்ல மனிதர்கள்தான். எங்கள் மலை, வேல்ஸ் என்ற அவர்கள் நாட்டு மலைகளைப் போலவே இருக்கிறதாம். கையசைத்துப் போனார்கள்.

மறுநாள் எட்டு மாதக் கர்ப்பிணியான என் மகளை ஆட்டோவில் ஹட்டன் கிளினிக்குக் கூட்டிப்போனேன். இடப்பக்கச் சக்கரம் தாரில் சுகமாக ஓடியது. மற்ற இரண்டும் குழிக்குக் குழி விழுந்து எழுந்தன. மகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டாள்.

"மெதுவா போங்க தம்பி," என்றேன்.

"மெதுவாதாங்க மாமா போறேன். மூணு சக்கரத்துல ஒண்ணுக்குத்தானே ரோடு போட்டிருக்காங்க!" என்றார் டிரைவர்.

"பேசாம சைக்கிள்லயே போயிருக்கலாம்ப்பா," என்றாள் மகள்.

இறக்கத்துக்கு முன்னால் முனியாண்டி கோயிலில் எல்லா வண்டியும் நிற்கும். சூடம் கொளுத்தி, தாயையும் பிள்ளையையும் காப்பாற்று என்று மனமுருகிக் கும்பிட்டேன். கூடவே இன்னொன்றும் கேட்டேன்.

"முனியப்பா, அடுத்த தடவ அந்தத் தொரைங்கள லொறியில வர வச்சிடுப்பா."