விடச் சொன்ன வரி

எங்கள் பக்கத்தில் பேச்சுப் போட்டி என்றால் பேசுவது பிள்ளை, எழுதுவது பெரியவர்கள். இது ஊரறிந்த ரகசியம், நடுவர்களுக்கும் தெரியும். கண்டியில் ஒரு கந்தோரில் எழுத்தர் வேலை பார்த்துக்கொண்டே நானும் எத்தனையோ பிள்ளைகளுக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன். பரிசும் வாங்கியிருக்கிறார்கள். அந்தத் தலைக்கனம் எனக்கு நிறையவே உண்டு. முன்கோபம் அதைவிட அதிகம்.

எட்டாம் ஆண்டு படிக்கும் பிள்ளை ஒருத்தியை அவளுடைய சித்தி என்னிடம் கூட்டிவந்தார். சித்திக்கு டவுனில் புடவைக் கடையில் வேலை. சொந்த ஊர் புசல்லாவைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டம். அங்கே கொழுந்து பறித்துக்கொண்டிருந்த பிள்ளையின் அம்மா, வீட்டு வேலைக்குக் குவைத் போய் மூன்று வருடமாகியிருந்தது; அன்றிலிருந்து பிள்ளை சித்தியோடுதான். பிள்ளை நன்றாக வாசிப்பாள், எழுதுவாள். வாய்தான் திறக்காது.

"கொஞ்சம் பேசப் பழக்கி விடுங்க டீச்சர்" என்றார் சித்தி. நான் டீச்சர் இல்லை என்று சொல்லிப் பார்த்தேன். இருவருமே காதில் போட்டுக்கொள்ளவில்லை.

ஏழெட்டு மாதம் சனிக்கிழமை தோறும் வந்தாள். முதலில் கதிரையின் நுனியில்தான் உட்காருவாள். பத்திரிகையை உரக்க வாசிக்க வைத்தேன். வரும் வழியில் கண்டதையெல்லாம் சொல்ல வைத்தேன். மெல்ல மெல்லக் குரல் வந்தது. ஒரு நாள் பஸ் கண்டக்டர் மாதிரியே, "பேராதனை, கம்பளை, புசல்லாவ!" என்று கத்திக் காட்டினாள். நான் சிரித்த சிரிப்பில் தேநீர் சேலையில் கொட்டியது.

பிறகு சுற்றுவட்டாரப் பள்ளிக்கூடங்கள் எல்லாம் சேரும் வலயமட்டப் பேச்சுப் போட்டி வந்தது. தலைப்பு 'தாய்'. ஒரே மூச்சில் எழுதி முடித்தேன். உச்சமாக ஒரு வரி வைத்தேன்: "பெற்ற பிள்ளையைப் பிரிந்து ஒரு பொழுதும் இருக்கமாட்டாள் தாய்; இருந்தால் அவள் தாயல்ல!"

கைதட்டல் விழும் இடம் அது. யாருடைய பிள்ளைக்கு எழுதுகிறேன் என்று நான் நினைத்துப் பார்க்கவில்லை. அவளுடைய அம்மா எங்கே இருக்கிறார் என்று தெரிந்திருந்தும் என் கண்முன் நின்றது நடுவர்கள் மட்டும்தான். அதை நினைத்தால் இன்றும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

இரண்டே நாளில் பாடமாக்கிவிட்டாள். மூன்றாம் தடவை ஒப்புவித்த பிறகு, தாளைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"டீச்சர், இந்த ஒரு வரிய மட்டும் விட்டுறவா?"

"ஏன்?"

"சும்மாதான்."

"புள்ளி எடுக்கிற இடமே அதுதான். எழுதித் தந்தத ஒழுங்கா சொல்லு" என்று சுள்ளென்று விழுந்தேன். அதன்பிறகு அவள் கேட்கவில்லை.

போட்டி நாளில் முன்வரிசையில், என் பக்கத்தில், சித்தி போனை உயர்த்திப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். திரையில் பிள்ளையின் அம்மா. வேலை செய்யும் வீட்டு மெடத்திடம் கெஞ்சி அரைமணி நேரம் கேட்டு வாங்கினாராம். துணி துவைக்கும் அறையில் ஒரு மூலையில் நின்றபடி மகளின் பேச்சைக் கேட்கக் காத்திருந்தார். அவரைப் பார்த்ததும்தான் அந்த வரி எனக்கு நினைவுக்கு வந்தது. அதற்குள் மேடையில் பேச்சு தொடங்கிவிட்டது.

கணீரென்ற குரல். ஒரு தடங்கலும் இல்லை. அந்த வரிக்கு முந்திய வரியைச் சொல்லி முடித்தாள். போனைப் பார்த்தாள். அப்படியே நின்றாள்.

தாண்டிப் போய்விடுவாள் என்று நினைத்தேன். முடியவில்லை. பாடமாக்கிய பேச்சில் ஒரு வரியை உருவினால் மிச்சமும் வராது. நாங்கள் பழக்குவது அப்படித்தான். உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. மண்டபமே அடங்கிப் போயிற்று. நேரம் முடிந்து மணி அடித்தது. கும்பிட்டுவிட்டு இறங்கி வந்தாள்.

சித்தியின் கையிலிருந்து அம்மாவின் குரல் கேட்டது. "மகளே, நல்லா பேசுனடா! பாதியில லைன் நின்னுருச்சு. படமும் அப்புடியே நின்னு போச்சு. கடைசில என்னா சொன்ன?"

சித்தி என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

பிள்ளை போனை வாங்கிக்கொண்டாள். "ஆமாம்மா, இங்க சிக்னல் சரியில்ல. கடைசியா ஒங்களப் பத்தித்தான் சொன்னேன். எல்லாரும் கை தட்டுனாங்க." கொஞ்சம் நிறுத்தி, "டீச்சரும் இங்கதான் இருக்காங்க, வேணும்னா கேளுங்க" என்று போனை என் பக்கம் நீட்டினாள்.

"ஆமாங்க. நல்லா பேசுனா" என்றேன்.