நாகலோகத்தில் இல்லாத சொல்

கண்ணுகளா, நேற்று பரணிலிருந்து எடுத்து விளையாடினீர்களே, அந்தத் தகரக் கிரீடம் உங்கள் மாமனுடையது. அதன் கதையை எழுதி வைக்கிறேன்.

எழுபதுகளில், கேரள எல்லையில் வேலந்தாவளத்துக்குப் பக்கத்தில், எங்கள் ஊர் நோம்பித் திருவிழாவுக்கு நாடகம் என்றாலே சண்டைதான். பாதிப் பேருக்குத் தமிழில் வேண்டும், மீதிப் பேருக்கு மலையாளத்தில். "ரெண்டும் வேண்டாம் மாப்ள, நாகலோகத்துக் கதை போடலாம். பாம்புக்கு ஏது தமிழும் மலையாளமும்?" என்றார் மச்சான், அதுதான் உங்கள் மாமன். அப்படிப் பிறந்தது அந்த மொழி. பழகுவதற்காகத் தோட்டங்காட்டு வேலையிலும் அதையே பேசினோம். தமிழ் வாயில் வந்துவிட்டால் மற்றவர் மாட்டுக்கும் சேர்த்துத் தண்ணி காட்ட வேண்டும். சொந்தக்காரனுக்கு 'கின்னோ', தின்றதற்கு 'லுபா'. விஷத்துக்கு என்ன என்று கேட்டேன். "அங்க எல்லாருமே பாம்பு. யாரு யாரைக் கடிக்கறது? அந்தச் சொல்லே வேண்டாம் போ" என்று சிரித்தார்.

நோம்பியன்று பொழுது சாயும் நேரம். வைக்கோல் பரப்பிய மேடையில் மச்சான் ராஜா, நான் மந்திரி. மேடையை ஒட்டிக் குழந்தைகள், பின்னால் பெண்கள், எழுந்து ஓட வழியில்லாத நெருக்கம். சிம்மாசனத்தில் இருந்தவர் சட்டென்று காலை இழுத்தார். முகம் வெளுத்துப்போய், "கின்னோ லுபா" என்றார். நாடகத்தில் அப்படி வசனமே கிடையாது. அதாவது, சொந்தக்காரன் தின்றுவிட்டான். குனிந்து பார்த்தேன். கணுக்காலில் ரத்தம். பக்கத்தில் வைக்கோல் நெளிந்தது.

'பாம்பு' என்று கத்தினால் அத்தனை குழந்தைகளும் மிதிபடும். அதனால்தான் அவர் தமிழைத் தொடவில்லை. நானும் ராஜாவைத் தூக்கச் சொல்லிக் காவலர் வேஷக்காரர்களுக்கு அந்த மொழியிலேயே ஆணையிட்டேன். தூக்கினார்கள். கூட்டம் விசிலடித்தது. "ஏனுங்க, ராசாவையே தூக்கிட்டுப் போறாங்க, சண்டை எப்பங்க?" என்று ஓர் அம்மா கேட்டார். திரையை நானே இழுத்து மூடினேன். பின்பக்கமாகத் தடியோடு ஆட்கள் ஏறிப் பாம்பை அடித்தார்கள்.

பாலக்காட்டுச் சித்தூர் ஆஸ்பத்திரிக்குப் போகும் ஜீப்பில் ஏற்றும்போது மச்சானுக்குக் கண் சொருகியது. "இப்ப நாந்தான் தமிழ் பேசிப்போட்டேன். நாளைக்கு உன்ற மாட்டுக்கும் நாந்தான் தண்ணி காட்டோணும் மாப்ள" என்றார். அதோடு நினைவு தப்பியது.

மறுநாள் மத்தியானம்தான் அவர் கண் திறந்த சேதி வந்தது. நேற்று நீங்கள் கிரீடத்தைத் தலையில் வைத்தபோது மாமன் குனிந்து கணுக்காலைத் தடவினாரே, அது இதற்காகத்தான்.

சேதி வந்ததும் ஊரே சித்தூருக்குக் கிளம்பியது. நான் போகவில்லை. மேடையில் கிடந்த கிரீடத்தை எடுத்துத் துடைத்து வைத்தேன். பிறகு மச்சானின் மாடுகளை அவிழ்த்து ஓட்டிப்போய்த் தண்ணி காட்டினேன். அவை குடிக்கும்போது, விஷத்துக்கு ஒரு சொல் உண்டாக்கி, வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தேன்.