இன்னும் ஒரே ஒரு சீசன்

நார்ப் என்று ஊர் கூப்பிடும் நார்பர்ட் பியோன்டெக்குக்கு ஐம்பத்தொன்பது வயது. போர்ட் கேசிமிர் நகராட்சியில் பனி தள்ளும் லாரி ஓட்டுகிறவர். இருபத்தாறு வருடத்தில் ஒரு நாள்கூட நடுத்தெருவில் வண்டியை நிறுத்தியவரில்லை. மார்ச் மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஒன்பதே காலுக்கு நிறுத்தினார். இஞ்சின் ஓடிக்கொண்டிருக்க, பனி தள்ளும் பலகை தரையைத் தொட்டபடி இருக்க, மில் தெரு முனையில் லாரி அப்படியே நின்றுவிட்டது. பின்னால் பதினைந்து கார்கள். ஒருவரும் ஹாரன் அடிக்கவில்லை. அந்தக் கார்களிலும் ரேடியோவில் அதே சேதிதான் ஓடிக்கொண்டிருந்தது.

டெவ்லின் பிரானிக் ஓய்வு பெறுகிறான். பதினோராம் எண் சட்டையில் பதினேழு சீசன் எங்கள் அமெரிக்கக் கால்பந்து அணிக்குப் பந்து வீசிய குவார்ட்டர்பேக். கோப்பையை இரண்டு முறை வாங்கித் தந்தவன். கடைசி நிமிடத்தில் ஐந்து முறை கோட்டை விட்டவன். இரண்டையும் சேர்த்தே அவனைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடிய ஊர் எங்கள் ஊர். "முழங்கால் போயிடுச்சு. பிள்ளைங்க பின்னாடி ஓடறதுக்காவது கொஞ்சம் மிச்சம் வேணும்ல?" என்று ரேடியோவில் அவன் குரல் சொன்னது. அதற்கு மேல் நார்ப்பின் காதில் எதுவும் விழவில்லை. ஸ்டியரிங்கிலிருந்து விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தெடுக்க வேண்டியிருந்தது.

அன்று ஊர் இருந்த இருப்பைப் பார்த்திருக்க வேண்டும். தீயணைப்பு நிலையத்தில் கொடியை அரைக்கம்பத்துக்கு இறக்கினார்கள். மேலதிகாரி வந்து, செத்தா போய்விட்டான் என்று கத்தி ஏற்ற வைத்தார். சாயங்காலம் அவரே இறக்கினார். வீட்டுக்கு வீடு வாசல் கைப்பிடியில் பதினோராம் எண் சட்டை தொங்கியது. பேக்கரிக்காரி அழுதுகொண்டே டோனட்டின் மேல் பதினொன்று என்று எழுதிக்கொண்டிருந்தாள். பாதி டோனட்டில் அது நான்கு மாதிரி இருந்தது. அதையும் வாங்கிக்கொண்டு போனார்கள். ஆகவே நார்ப் கண் சிவந்து வீட்டுக்கு வந்ததை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஊரே அழுகிறது, அவரும் அழுகிறார் என்று இருந்துவிட்டார்கள்.

அவர் பிரானிக்குக்காக அழவில்லை. தனக்காக அழுதார். செத்துப்போய்விடுவோம் என்ற பயத்தில் அழுதார்.

விஷயம் இதுதான். பதினேழு வருடம் முன்பு நார்ப்புக்குக் குடலில் புற்றுநோய் வந்தது. அறுவை சிகிச்சை நடந்தது ஒரு ஏப்ரல் மாதத்தில், கல்லூரிப் பையன்களை அணிகள் பொறுக்கியெடுக்கும் நாளில். ஆபரேஷன் அறைக்குத் தள்ளிக்கொண்டு போன வார்டு ஊழியர், கூடத்தில் ஓடிய டிவி முன்னால் கட்டிலை ஒரு நிமிடம் நிறுத்தினார். எங்கள் அணியின் முறை அப்போதுதான் வந்திருந்தது. பெரிய காதும் தொளதொள கோட்டுமாக ஒரு பையன் மேடையேறினான். முகமெல்லாம் பயம். நார்ப்புக்கு அதைவிடப் பயம். "ஆண்டவரே, இந்தப் பையன் எங்களுக்காக ஆடற வரைக்கும் என்னை விட்டு வையி" என்று வாய்க்குள்ளேயே வேண்டிக்கொண்டார். பையன் என்ன, நாலைந்து வருடம் ஆடுவான், அதுவே போதும் என்றுதான் அப்போது தோன்றியது.

ஐந்து வருடம் ஒழுங்காகப் பரிசோதனைக்குப் போனார். ஆறாவது வருடம் டிசம்பரில் ஒரு வியாழக்கிழமை போய்விட்டு வந்தார். ஞாயிற்றுக்கிழமை பிரானிக்கின் தோள் இறங்கிவிட்டது. நான்கு ஆட்டம் அம்பேல். வேறு ஊர்க்காரனாக இருந்தால் தோள் இறங்கியது என்பதோடு விட்டிருப்பான். எங்கள் ஊர்க்காரர் அப்படி விடுவாரா? ஜெயித்த நாளில் போட்ட சட்டையை சீசன் முடியும்வரை துவைக்காத ஆள் அவர். அவருடைய மனைவி பெர்னடீன் அந்தச் சட்டையை இடுக்கியால்தான் எடுப்பாள். ஆண்டவரிடம் வாக்கு வாங்கிவிட்டு, பின்னாலேயே டாக்டரிடமும் போய்ச் சரிபார்த்தால் ஆண்டவருக்குக் கோபம் வராதா என்று நார்ப் யோசித்தார். அதோடு பரிசோதனைக்கு முழுக்குப் போட்டார். பதினோரு வருடம். பிரானிக் களத்தில் இறங்கும் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் அவருக்கு டாக்டர் சீட்டு மாதிரி. இதை ஒருவரிடமும் சொன்னதில்லை. சொன்னால் பலிக்காது என்று அதற்கும் ஒரு பயம்.

இப்போது வாக்கு முடிந்துவிட்டது.

சனிக்கிழமை அரங்கத்தின் கார் நிறுத்துமிடத்தில் ஊர் கூடியது. ஆட்டம் இல்லாத மாதத்தில், காலுக்குக் கீழே சகதிப் பனியோடு, ஆட்ட நாள் போலவே அடுப்பு மூட்டினார்கள். தொத்திறைச்சி வெந்தது, பீர் உடைத்தார்கள். பக்கத்து வீட்டு டலாரிக்கோ, முன்னாள் தபால்காரர், ஒரு பெரிய கட்டில் விரிப்பை வண்டியின் பக்கவாட்டில் கட்டி, அதில் "இன்னும் ஒரே ஒரு சீசன்" என்று நீலப் பெயின்ட்டில் எழுதியிருந்தார். அதன் கீழே எல்லாரும் கையெழுத்துப் போட வேண்டும்.

"நார்ப், நீதான் மொதல்ல. நீ அழுத அழுகைக்கு அதுதான் மரியாதை" என்றார் டலாரிக்கோ.

நார்ப் பிரஷ்ஷை வாங்கினார். ஒரு முழ நீளத்துக்குத் தன் பெயரை எழுதினார்.

"டேய், முழுத்துணியும் உனக்கே போயிடும் போலிருக்கே! மத்தவன்லாம் உன் முதுகுலயா போடறது?"

"இது அவன் கண்ணுல படுமா?"

"படாம? அவன் வீட்டு வாசல்ல நானே கொண்டுபோய்க் கட்டறேன்."

"பாத்தா வருவானா? நெஜத்தச் சொல்லுடா."

"வருவான்டா. போறேன் போறேன்னுட்டு ஆகஸ்ட்ல பயிற்சிக்கு வந்து நின்னவன் எத்தனை பேரு! பொண்டாட்டி நாலு நாள் பாத்திரம் தேய்க்கச் சொன்னா அலறியடிச்சுட்டு வந்துடுவான் பாரு."

எல்லாரும் சிரித்தார்கள். நார்ப்புக்குச் சிரிப்பு வரவில்லை. நிஜமாகவே வருவானா என்று இன்னும் இரண்டு முறை கேட்டார். மூன்றாவது முறை டலாரிக்கோ அவர் கையில் ஒரு தொத்திறைச்சி ரொட்டியைத் திணித்துவிட்டுப் போனார். அதைத் தின்ன முடியவில்லை. வயிறு வலிக்கிற மாதிரி இருந்தது. நிஜ வலியா, பயத்தில் வரும் வலியா என்று அவருக்கே தெரியவில்லை. அழுத்திப் பார்த்தார். அழுத்தியதால் வலித்தது.

அடுத்த மூன்று வாரமும் ரேடியோவும் கையுமாக அலைந்தார். பிரானிக் உடற்பயிற்சிக்கூடத்தில் தென்பட்டான் என்றால் அன்று இரண்டு தட்டு சாப்பாடு. மீன்பிடிப் படகு வாங்கிவிட்டான் என்று யாராவது சொன்னால் பட்டினி. கடைசியில் ஒரு புதன்கிழமை பிரானிக்கே ரேடியோவில் பேசினான். "விரிப்பு வந்தது. உக்காந்து எல்லாப் பேரையும் படிச்சேன், அழுதேன். ஆனா முடியாதுங்க. மன்னிச்சிருங்க."

அன்று சாயங்காலம் பெர்னடீன் பள்ளிக்கூடச் சமையலறை வேலை முடிந்து வந்தபோது, வீட்டின் அடித்தளத்தில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. இறங்கிப் பார்த்தாள். நார்ப் தரையில் உட்கார்ந்து, சுடுநீர்க் குழாய்களில் கலர் டேப் ஒட்டிக்கொண்டிருந்தார்.

"என்ன பண்ற?"

"பாய்லர் அணைஞ்சுதுன்னா மொதல்ல செவப்பத் திருப்பணும். அப்புறம் பச்சை. மாத்திடாத."

"அணைஞ்சா நீதானே பாத்துப்ப?"

அவர் பச்சை டேப்பைக் கிழித்து அடுத்த குழாயில் ஒட்டினார். பெர்னடீனின் முகம் மாறியது. ஒரு மாதமாக மனுஷன் சரியில்லை. கார் சாவி எங்கே, இன்சூரன்ஸ் காகிதம் எங்கே என்று சொல்லிக்கொண்டே இருக்கிறார். முந்தின நாள் சுவரில் துளை போடும் தன் மெஷினைக்கூட டலாரிக்கோவுக்குத் தூக்கிக் கொடுத்துவிட்டார்.

"யாரு அவ?" என்றாள்.

"எவ?"

"யாரோட போகப் போற? சொல்லிட்டுப் போ. டேப் ஒட்டி வச்சுட்டுப் போகாத."

"எவளோடயும் போகல பெர்ன். நான் சாகப் போறேன்."

எழுந்து வந்து அடித்தளப் படிக்கட்டில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னார். கட்டில், டிவி, பெரிய காதுப் பையன், தோள் இறங்கிய ஞாயிற்றுக்கிழமை. சொல்லும்போது அவருக்கே கேட்க அசட்டுத்தனமாக இருந்தது. ஆனால் பயம் துளிகூடக் குறையவில்லை. பெர்னடீன் சிரிக்கவில்லை. கையிலிருந்த பையைக் கீழே வைத்தாள்.

"பதினோரு வருஷம். வருஷா வருஷம் நான் நாள் குறிச்சேன், வருஷா வருஷம் நீ போனப் போட்டு வேணாம்னு சொன்ன. குழாய் வுடறதுக்குப் பயப்படற, வெக்கப்படறன்னு நெனச்சு வாய மூடிக்கிட்டேன். நீ ஒரு பந்து வீசறவன் முழங்கால்ல உசிரக் கட்டி வச்சுட்டு, நிம்மதியாக் கோழி ரெக்கை கடிச்சுட்டு இருந்திருக்க!"

"பலிச்சுதே."

"அவனாலயா பலிச்சுது? நான் ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை கோயில்ல முட்டி போட்டேனே, அதெல்லாம் எங்க போச்சு? நீ வாசல்ல கார்ல உக்காந்து ஸ்கோர் கேட்டுட்டு இருந்த!"

நார்ப் டேப் உருளையைக் கையில் உருட்டிக்கொண்டிருந்தார்.

"நாளைக்கே போன் போடறேன்" என்றாள்.

"வேணாம் பெர்ன். போனா கண்டுபிடிச்சுருவாங்க."

"இருந்தாத்தானே கண்டுபிடிப்பாங்க?"

"இருந்துச்சுன்னா?"

பெர்னடீன் அந்த டேப்பை வாங்கித் தன் பைக்குள் போட்டாள். "எனக்கு மட்டும் பயம் இல்லையா? நீ ஒருத்தனாப் பயந்தது போதும். ரெண்டு பேரும் சேந்து பயப்படுவோம், வா."

ஒரு குடம் மருந்துத் தண்ணீரைக் குடித்து, குடலைக் கழுவிக்கொண்டு, அடுத்த வியாழக்கிழமை ஆஸ்பத்திரிக்குப் போனார். அதே கூடம். அதே இடத்தில் வேறொரு டிவி, அணைத்து வைத்திருந்தார்கள். டாக்டர் ஹேவர்ட்டியின் வெள்ளைக் கோட்டில் பதினோராம் எண் பேட்ஜ் குத்தியிருந்தது.

"கடைசியா எப்ப இந்த டெஸ்ட் எடுத்தீங்க?"

"பிரானிக் தோள் எறங்கின வருஷம்" என்றார் நார்ப்.

டாக்டர் விரல் விட்டு எண்ணவில்லை. எங்கள் ஊரில் யாருக்கும் அதற்கு விரல் தேவையில்லை. "பதினோரு வருஷமா!" என்று மட்டும் சொல்லி, பெர்னடீனைப் பார்த்தார். பெர்னடீன் கூரையைப் பார்த்தாள். மயக்க மருந்து ஏறும்போது வேண்டிக்கொள்ள நார்ப் வாயைத் திறந்தார். என்ன கேட்பது, எதை வைத்துக் கேட்பது என்று தெரியவில்லை. பெர்னடீனின் பெயரைச் சொன்னதோடு தூங்கிவிட்டார்.

கட்டி இருந்தது. வேர்க்கடலை அளவு. வெட்டியெடுத்து லேபுக்கு அனுப்பினார்கள். முடிவு வர ஆறு நாள். அந்த ஆறு நாளும் அந்த வீட்டில் ரேடியோ பேசவில்லை, இவர்களும் அதிகம் பேசவில்லை. வெந்த உருளைக்கிழங்கும் முட்டையுமாக ஓட்டினார்கள். இன்னும் துவைக்காமல் கிடந்த ஆட்ட நாள் சட்டையைக் கொண்டுபோய்த் துவைக்கப் போடலாமா என்று நார்ப் கேட்டார். பெர்னடீன் இப்போது வேண்டாம் என்றாள். அவளுக்கும் எதையும் கலைக்கப் பயமாக இருந்தது.

புதன்கிழமை டாக்டர் காகிதத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு நேரடியாகச் சொன்னார்.

"கெட்ட கட்டிதான்."

பெர்னடீன் நார்ப்பின் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"இருங்க, முழுசாக் கேளுங்க. இப்பத்தான் ஆரம்பிச்சிருக்கு. மேல்தோலோட நின்னுருச்சு, உள்ள எறங்கல. மொத்தமா எடுத்தாச்சு. மருந்துகூட வேணாம். ஆறு மாசத்துல திரும்பப் பாக்கணும், அவ்வளவுதான்." அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஒண்ணு சொல்றேன். நீங்க எதுக்கு இப்ப வந்தீங்களோ எனக்குத் தெரியாது. நல்ல நேரத்துல வந்தீங்க. இன்னும் ஒரே ஒரு சீசன் போயிருந்தா, நாம பேசற பேச்சே வேற."

டாக்டர் அதை யோசித்துச் சொல்லவில்லை. எங்கள் ஊரில் வருடத்தை அப்படித்தான் சொல்வோம். நார்ப்புக்கு மட்டும் அது வேறு மாதிரி கேட்டது. நீலப் பெயின்ட்டில் ஒரு முழ நீளத்துக்குத் தான் எழுதிய பெயர் கண் முன்னால் நின்றது. மூன்று வாரம் ராப்பகலாகக் கெஞ்சியிருக்கிறார். ஊரையே கூட்டு சேர்த்துக்கொண்டு கெஞ்சியிருக்கிறார். அந்தப் பையன் மட்டும் மனசு இளகி, முழங்காலைக் கட்டிக்கொண்டு வந்திருந்தால், இவர் சந்தோஷமாக இன்னொரு வருடம் டாக்டர் பக்கம் தலைவைத்துப் படுத்திருக்க மாட்டார்.

திரும்பும்போது காரைப் பெர்னடீன்தான் ஓட்டினாள். பாதி வழியில் போன் அடித்தது. டலாரிக்கோ.

"நார்ப், சேதி தெரியுமா? பிரானிக் மனசு மாறினாலும் மாறுவானாம், ரேடியோல சொன்னாங்க! இன்னொரு விரிப்பு வாங்கிட்டேன், அதைவிடப் பெருசு. சனிக்கிழமை வந்து மொதல் கையெழுத்தப் போடு."

"வேணாம்டா" என்றார் நார்ப். "அந்த விரிப்ப மடிச்சு உள்ள வை. உனக்குப் புண்ணியமாப் போகும், அவனக் கூப்பிடாத. அவன் வீட்டுலயே இருக்கட்டும்டா."