மணை மேல் நின்ற மகள்

சத்தியவேடு ஆந்திராவுக்கா மதராசுக்கா என்ற பேச்சு ஓயாத வருஷம். எங்கள் கிணற்றுக்குக் கரண்டு வந்தபின் முதல் ஆயுத பூஜை. ஓடும் மோட்டாரின் இரும்புப் பெட்டிக்குப் பொட்டு வைக்க, குளித்த ஈரத்தோடு என் மகள் மரமணை மேல் ஏறி நின்றாள்.

"மணை மேல நிக்கலாமா? எறங்கு" என்றேன். கழுவிவிட்ட தரை ஈரமாக இருந்தது.

"எட்டலை நைனா" என்றபடி சந்தனக் கையைப் பெட்டியில் வைத்தவள், வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள். பெட்டியில் கரண்டு கசிந்திருந்தது. பாய்ந்துபோய் மெயினை அணைத்தேன்.

பள்ளியில் படித்ததை அவளே சொன்னாள்: "வோல்டேஜ் அதேதான் நைனா. காஞ்ச கட்டை தடுத்ததால கரண்டு கொஞ்சமா பாஞ்சிச்சு. ஈரத்தரையில நின்னுக்கினு இருந்தா தடை கம்மி, ஜாஸ்தி பாஞ்சிருக்கும்."

அவள் என் பேச்சைக் கேட்காத அந்த ஒரு நிமிஷத்துக்காக இன்றும் கடவுளைக் கும்பிடுகிறேன்.